மலை முதல் மாஹிம் வரை: மித்தி ஆற்றின் வழியே மும்பையின் வரலாறு

மும்பை: கடற்கரை நகரம் என்றே மும்பை உலகெங்கும் அறியப்படுகிறது. இந்தியாவின் நுழைவாயில், மரைன் டிரைவ், ஹாஜி அலி தர்கா என அதன் புகழ்பெற்ற இடங்கள் பலவும் கடலைச் சார்ந்தவை. ஆனால் இந்நகரின் நடுவே சுமார் 18 கிலோமீட்டர் தொலைவுக்கு ஓர் ஆறும் ஓடுகிறது. மலையில் தோன்றி, மாஹிம் கழிமுகத்தில் அரபிக் கடலில் கலக்கும் அந்த ஆற்றின் பெயர் மித்தி.

சுற்றுலாக் கையேடுகளில் மித்திக்குப் பெரும்பாலும் இடமில்லை. நாள்தோறும் அதன் பாலங்களைக் கடந்து செல்வோரில் பலர் அதைக் கழிவுநீர்க் கால்வாய் என்றே கருதுகின்றனர். எனினும் ஈராயிரம் ஆண்டுப் பழமையான பௌத்தக் குகைகள், நகரின் முதல் குடிநீர் ஏரி, ஆங்கிலேயரும் போர்ச்சுக்கீசியரும் எதிரெதிரே எழுப்பிய கோட்டைகள், தமிழர் உழைப்பில் வளர்ந்த தாராவி ஆகிய அனைத்தும் இந்த ஆற்றையோ, அது பிறக்கும் மலையையோ ஒட்டியே அமைந்துள்ளன. ஆற்றின் போக்கிலேயே இவற்றை வரிசையாகக் காணும்போது, மும்பை எவ்வாறு உருவானது என்பது விளங்கும். பருவமழையில் அந்நகரம் ஏன் மூழ்குகிறது என்பதும் அதனுடன் சேர்ந்தே புலப்படும்.

ஆறு பிறக்கும் இடம்

மும்பையின் வடபகுதியில் 100 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா விரிந்து கிடக்கிறது. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பெருநகரின் எல்லைக்குள் சிறுத்தைகள் நடமாடும் காடு இருப்பது உலகில் அரிதான ஒன்று. மித்தி, தஹிசர், போய்சர், ஓஷிவாரா ஆகிய நான்கு ஆறுகளுக்கும் இந்த மலைத்தொடரே தாயகம்.

மலையின் நடுவே உள்ள விஹார் ஏரி நிரம்பி வழியும் நீரே மித்தியின் தொடக்கம். சற்றுத் தொலைவில் பவாய் ஏரியின் உபரி நீரும் அதனுடன் சேர்கிறது. பின்னர் சாக்கி நாக்கா, குர்லா, கலீனா, பாந்த்ரா-குர்லா வளாகம், தாராவி வழியாக அது மாஹிமை அடைகிறது.

இந்தப் பிறப்பிலேயே ஆற்றின் பிற்காலச் சிக்கலும் அடங்கியுள்ளது. ஏரிகள் வழிவது மழைக்காலத்தில் மட்டுமே. எஞ்சிய மாதங்களில் மலையிலிருந்து நன்னீர் வருவதில்லை. அக்காலத்தில் ஆற்றில் ஓடுவது, கரையோரக் குடியிருப்புகளும் பட்டறைகளும் வெளியேற்றும் கழிவுநீரும், கடலிலிருந்து ஓதத்தில் ஏறிவரும் உப்புநீருமே. ‘மித்தி’ என்றால் இந்தியில் ‘இனிப்பானது’ என்று பொருள். ஆண்டின் பெரும்பகுதியில் அப்பெயருக்கும் ஆற்றுக்கும் தொடர்பில்லை.

பாண்டுப்: ரயிலும் குடிநீரும்

இதே மலையின் கிழக்குச் சரிவில், தாணே கழிமுகத்தை நோக்கி அமைந்துள்ளது பாண்டுப். தமிழ்க் குடும்பங்களும் வாழும் இந்தப் புறநகர்ப் பகுதி மித்தியின் கரையில் இல்லை. ஆனால் ஆறு பிறக்கும் விஹார் ஏரிக்கு நேர் கிழக்கே, மலையின் மறுபுறத்தில் இருக்கிறது.

இந்திய ரயில்வேயின் தொடக்க வரலாற்றில் பாண்டுப்புக்குத் தனியிடம் உண்டு. பம்பாய் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜார்ஜ் கிளார்க், 1843ஆம் ஆண்டு பாண்டுப்புக்கு வந்திருந்தபோதுதான், பம்பாயையும் தாணே, கல்யாண் மற்றும் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்களையும் இருப்புப்பாதையால் இணைக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியதாக ரயில்வேயின் வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1853 ஏப்ரல் 16 அன்று, போரி பந்தரிலிருந்து தாணேக்கு 34 கிலோமீட்டர் தொலைவு ஓடிய நாட்டின் முதல் பயணிகள் ரயில் இவ்வழியாகவே சென்றது. 14 பெட்டிகளில் சுமார் 400 விருந்தினர் அதில் பயணித்தனர்.

இன்று மும்பையின் குடிநீர் வழங்கலில் பாண்டுப் இன்றியமையாத இடம் வகிக்கிறது. ஆசியாவின் மிகப்பெரிய நீர் சுத்திகரிப்பு நிலையங்களுள் ஒன்று இங்குள்ளது. நகருக்கு நாள்தோறும் வழங்கப்படும் ஏறத்தாழ 385 கோடி லிட்டர் நீரில் பெரும்பகுதி, நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அணைகளிலிருந்தும் ஏரிகளிலிருந்தும் குழாய்களிலும் சுரங்கங்களிலும் இங்கு வந்து, சுத்திகரிக்கப்பட்டு நகரெங்கும் செல்கிறது.

பாண்டுப்பின் கிழக்கு எல்லையில் உள்ள தாணே கழிமுகம் மற்றொரு காட்சியை அளிக்கிறது. குளிர்காலம் முதல் கோடை வரை ஆயிரக்கணக்கான பூநாரைகள் இங்குள்ள சேற்றுநிலங்களில் இரை தேடுகின்றன. பாண்டுப் நீரேற்று நிலையத்தை ஒட்டிய பகுதி பறவை ஆர்வலர்களிடையே நன்கு அறியப்பட்டது. தாணே கழிமுகம் 2015ஆம் ஆண்டு பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

கன்ஹேரி: நீரைச் சேமித்த துறவிகள்

தேசியப் பூங்காவின் உள்ளே, கருங்கல் பாறையில் குடைந்து உருவாக்கப்பட்டவை கன்ஹேரி குகைகள். ‘கருமலை’ எனப் பொருள்படும் ‘கிருஷ்ணகிரி’ என்ற சொல்லிலிருந்து இப்பெயர் தோன்றியது. நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளைக் கொண்ட இந்தப் பௌத்த மடாலயம், கி.மு. முதலாம் நூற்றாண்டு முதல் கி.பி. பத்தாம் நூற்றாண்டு வரை செயல்பட்டது. சோப்பாரா, கல்யாண் போன்ற பண்டைய வணிக நகரங்களுக்கு அருகில் இருந்ததால், வணிகர்கள் இதற்குப் பெருமளவில் கொடை அளித்துள்ளனர். மூன்றாம் எண் குகையின் முகப்பில் சுமார் ஏழு மீட்டர் உயரமுள்ள புத்தர் சிலைகள் நிற்கின்றன.

சிலைகளைப் போலவே இங்குக் கவனிக்கத்தக்கது நீர் மேலாண்மை. குகைகளின் வாயிலில் பாறையைக் குடைந்து தொட்டிகள் அமைக்கப்பட்டுள்ளன. பாறைச் சரிவில் வழியும் மழைநீர், வெட்டப்பட்ட சிறு வாய்க்கால்கள் மூலம் அவற்றில் சேர்கிறது. இத்தொட்டிகளை அமைத்துத் தந்தவர்களின் பெயர்கள் கல்வெட்டுகளிலும் காணப்படுகின்றன. நான்கு மாதங்களில் பெய்யும் மழையை ஆண்டு முழுவதற்கும் தேக்கிவைக்க வேண்டும் என்ற தேவையை, இம்மலையில் வாழ்ந்தோர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர்.

தாகம் தீர்த்த மூன்று ஏரிகள்

அதே தேவை 19ஆம் நூற்றாண்டில் பம்பாய் நகருக்கும் நேர்ந்தது. கிணறுகளையும் குளங்களையும் மட்டுமே நம்பியிருந்த தீவு நகரம், மக்கள்தொகை பெருகப் பெருகக் குடிநீரின்றித் தவித்தது. அதன் விளைவாக, 1860ஆம் ஆண்டு விஹார் ஏரி அமைக்கப்பட்டு, பம்பாய்க்கு முதன்முதலாகக் குழாய்வழிக் குடிநீர் வழங்கப்பட்டது. 1879ஆம் ஆண்டு துளசி ஏரியும், 1890களின் தொடக்கத்தில் பவாய் ஏரியும் உருவாயின.

இன்று மும்பைக்கு நீர் வழங்கும் ஏழு நீர்நிலைகளில், நகர எல்லைக்குள் இருப்பவை விஹாரும் துளசியும் மட்டுமே. விஹாரின் முழுக் கொள்ளளவு சுமார் 2,770 கோடி லிட்டர். துளசியின் கொள்ளளவு சுமார் 805 கோடி லிட்டர். பருவமழைக் காலத்தில் ‘துளசி நிரம்பியது’, ‘விஹார் வழிந்தது’ என்பவை மும்பை நாளேடுகளின் முதன்மைச் செய்திகளாவது வழக்கம். மித்தியின் கரையோரம் வாழ்வோருக்கு அச்செய்தி மகிழ்ச்சி அளிப்பதோடு எச்சரிக்கையாகவும் அமைகிறது.

பவாய் ஏரியின் நீர் குடிப்பதற்கு ஏற்றதல்ல எனக் கண்டறியப்பட்டு, பிற பயன்பாடுகளுக்கு ஒதுக்கப்பட்டது. முதலைகள் வாழும் இந்த ஏரியின் கரையில்தான் 1958ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மும்பை ஐஐடி வளாகம் உள்ளது.

வளைக்கப்பட்ட ஆறும் 2005 பெருவெள்ளமும்

பவாயைக் கடந்தபின் மித்தியின் தோற்றம் மாறுகிறது. பழைய எண்ணெய்ப் பீப்பாய்களைக் கழுவும் இடங்கள், சிறு தொழிற்பட்டறைகள், மாட்டுத் தொழுவங்கள், குடிசைப் பகுதிகள் ஆகியவற்றின் கழிவு ஆற்றில் சேர்கிறது. சாந்தாகுருஸ் விமான நிலைய விரிவாக்கத்தின்போது ஆறு ஓடுபாதைக்கு அடியிலும் அதைச் சுற்றியும் செங்குத்தான வளைவுகளில் திருப்பிவிடப்பட்டது.

அதற்குக் கீழே, ஓதநீர் பரவி வடியும் அலையாத்திச் சதுப்பு நிலமாக இருந்த பகுதி, 1970களின் பிற்பகுதியிலிருந்து மும்பை பெருநகர மண்டல மேம்பாட்டு ஆணையத்தால் மேடாக்கப்பட்டு, பாந்த்ரா-குர்லா வளாகமாக உருவெடுத்தது. தேசியப் பங்குச் சந்தை, வைரச் சந்தை, வங்கிகளின் தலைமையகங்கள் எனப் புதிய மும்பையின் செல்வச் சின்னங்கள் இங்குக் குவிந்துள்ளன. அவற்றுக்கு இடமளித்தபோது, வெள்ளம் பரவுவதற்கு இருந்த நிலத்தை ஆறு இழந்தது.

அந்த இழப்பின் அளவு 2005 ஜூலை 26 அன்று தெரிந்தது. சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு, ஒரே நாளில் கொட்டியதற்கு இது ஒப்பாகும். அதே வேளையில், நகரின் தென்முனையில் உள்ள கொலாபாவில் பதிவான மழை சுமார் 73 மில்லிமீட்டர் மட்டுமே.

கடலில் ஓதம் உயர்ந்திருந்த நேரத்தில் மலையிலிருந்து வெள்ளம் இறங்கியதால், குறுகிப்போன ஆறு கரை கடந்தது. குர்லாவும் கலீனாவும் நீரில் மூழ்கின. விமான நிலையம் மூடப்பட்டது. ரயில்கள் நின்றதால் லட்சக்கணக்கானோர் இடுப்பளவு நீரில் நடந்து வீடு திரும்பினர். மகாராஷ்டிர மாநிலம் முழுவதும் அம்மழையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நகரில் பலருக்கு, மித்தி என்றோர் ஆறு இருப்பதே அந்நாளில்தான் தெரியவந்தது.

அதன்பின் மாதவ் சித்தலே தலைமையில் உண்மை கண்டறியும் குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் மித்தி நதி மேம்பாடு மற்றும் பாதுகாப்பு ஆணையமும் நிறுவப்பட்டது. ஆறு அகலப்படுத்தப்பட்டு, கரைச் சுவர்கள் எழுப்பப்பட்டன. பத்து ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு சென்னையை மூழ்கடித்தபோதும், வெள்ளத்துக்குரிய நிலத்தில் எழுந்த கட்டடங்கள் குறித்து இதே கேள்விகள் எழுப்பப்பட்டன.

தாராவி: ஆற்றங்கரைத் தமிழகம்

பாந்த்ரா-குர்லா வளாகத்துக்கு நேர் எதிரே, ஆற்றின் தென்கரையில் உள்ளது தாராவி. சுமார் 2.4 சதுர கிலோமீட்டர் பரப்பில் பத்து லட்சம் பேர் வரை வாழ்வதாக மதிப்பிடப்படும் இப்பகுதி, முதலில் கோலி இன மீனவர்களின் சிற்றூராக இருந்தது. தாராவி கோலிவாடா என்ற பெயரில் அந்த மீனவர் குடியிருப்பு இன்றும் உள்ளது. கழிமுகத்தின் மீன்வளமே அவர்களின் வாழ்வாதாரம். ஆறு மாசடைந்தபோது அவர்களின் தொழிலும் நலிந்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நாற்றம் மிகுந்த தொழில்களை நகருக்கு வெளியே வைக்க வேண்டும் என்ற எண்ணத்தில், தோல் பதனிடும் கூடங்கள் தீவின் வடக்கு விளிம்பான தாராவிக்கு நகர்ந்தன. நீர்நிலை அருகிலிருந்ததும் அத்தொழிலுக்கு ஏற்றதாயிற்று. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழர்கள் அக்கூடங்களில் பணிபுரிந்தனர். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவில் குடியேறினர். தோல் பதனிடும் கூடங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்ட போதிலும், தோல் பைகளும் இடுப்பு வார்களும் செய்யும் பட்டறைகள் இன்றும் இயங்குகின்றன. கும்பார்வாடாவில் அகல்விளக்குகளும் பானைகளும் வெயிலில் உலர்வதைக் காணலாம்.

தாராவியின் முதல் பள்ளிவாசலான பெரிய மசூதி 1887ஆம் ஆண்டிலும், மிகப் பழைய இந்துக் கோயிலான கணேசர் கோயில் 1913ஆம் ஆண்டிலும் தோன்றியவை. 1924ஆம் ஆண்டு இங்குத் தமிழ்ப் பள்ளியும் தொடங்கப்பட்டது. 90 அடி சாலையில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளும், இட்லிக் கடைகளும், பூக்கடைகளும் நெல்லைச் சீமையின் ஒரு கடைவீதியை நினைவூட்டும். மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987), பா. இரஞ்சித்தின் ‘காலா’ (2018) ஆகிய திரைப்படங்கள் தமிழ் ரசிகர்களிடையே தாராவியின் பெயரைப் பரப்பின.

அருகிலுள்ள மாட்டுங்காவும் சயானும் அலுவலகப் பணிக்காக வந்த தமிழர்கள் நிலைகொண்ட பகுதிகள். 1932ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கமும், 1952ஆம் ஆண்டு உருவான சண்முகானந்தா சங்கீத சபையும் அவர்கள் எழுப்பிய நிறுவனங்களாகும்.

எல்லைக் கோட்டைகள்

தாராவியின் வடக்கு விளிம்பில், வீடுகளுக்கு நடுவே கருங்கல்லாலான சிறு கோட்டை ஒன்று உள்ளது. ரீவா கோட்டை என்பது அதன் பெயர். ‘கறுப்புக் கோட்டை’ எனப் பொருள்படும் ‘காலா கில்லா’ என்றே மக்கள் அதை அழைக்கின்றனர். ஆளுநர் ஜான் ஹார்னின் ஆணைப்படி 1737ஆம் ஆண்டு கட்டப்பட்டதாக அதன் சுவரிலுள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது.

இவ்விடத்தில் கோட்டை எழுப்பப்பட்டதற்குக் காரணம் ஆறே. 1661ஆம் ஆண்டு போர்ச்சுக்கல் இளவரசி கேத்தரினின் திருமணச் சீராக இங்கிலாந்து மன்னருக்குக் கிடைத்த பம்பாய், 1668ஆம் ஆண்டு ஆண்டுக்குப் பத்து பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் வடக்கே இருந்த சால்செட் தீவு போர்ச்சுக்கீசியரிடமே நீடித்தது. மித்தியும் மாஹிம் கழிமுகமும் இரு அரசுகளின் எல்லையாயின. தென்கரையில் சயான், மாஹிம் கோட்டைகள் ஆங்கிலேயரைக் காத்தன. வடகரையில் 1640ஆம் ஆண்டு போர்ச்சுக்கீசியர் கட்டிய பாந்த்ரா கோட்டை அவற்றை எதிர்நோக்கியது. சயான் என்ற பெயரே ‘எல்லை’ எனப் பொருள்படும் மராத்திச் சொல்லான ‘சீவ்’ என்பதிலிருந்து தோன்றியதாகும்.

1737ஆம் ஆண்டு மராத்தியப் படைகள் சால்செட்டுக்குள் நுழைந்தன. அதே ஆண்டில்தான் காலா கில்லாவும் எழுந்தது. அன்று எல்லைக்காவல் நிலையமாக இருந்த அக்கோட்டை இன்று பராமரிப்பின்றிச் சிதைந்து வருகிறது.

குப்பைமேட்டில் எழுந்த காடு

தாராவிக்கு அருகே ஆற்றங்கரையில் உள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா, மித்தியின் கதையில் நம்பிக்கை தரும் இடமாகும். 1970களின் பிற்பகுதி வரை நகரின் குப்பை கொட்டப்பட்ட சுமார் 37 ஏக்கர் நிலத்தில் மண் பரப்பப்பட்டு, மரங்கள் நடப்பட்டன. 1994ஆம் ஆண்டு பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று அங்கு அடர்ந்த மரங்களும், வண்ணத்துப்பூச்சிகளும், பல்வகைப் பறவைகளும் காணப்படுகின்றன. ஆற்றங்கரையின் சீரழிவு மாற்ற முடியாதது அன்று என்பதற்கு இப்பூங்கா சான்றாக உள்ளது.

கழிமுகத்தில் மூன்று சமயங்கள்

ஆறு கடலில் சேரும் மாஹிம், மும்பையின் ஏழு தீவுகளுள் ஒன்றாக இருந்தது. 1431ஆம் ஆண்டு மறைந்த இஸ்லாமிய அறிஞர் மக்தூம் அலி மாஹிமியின் தர்கா இங்குள்ளது. ஆண்டுதோறும் நடைபெறும் சந்தனக்கூடு விழாவில் மும்பைக் காவல்துறையினர் முதல் மரியாதை செலுத்துவது நெடுநாள் மரபு. அருகில், போர்ச்சுக்கீசியர் காலத்தில் தோன்றிய புனித மிக்கேல் தேவாலயத்தில் புதன்கிழமைதோறும் நடைபெறும் நவநாள் வழிபாட்டில் எல்லாச் சமயத்தவரும் பங்கேற்கின்றனர். பழைமையான சீதளாதேவி கோயிலும் இப்பகுதியில் உள்ளது.

மாஹிமையும் பாந்த்ராவையும் இணைக்கும் தரைப்பாலம் 1845ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு முன் மக்கள் படகிலேயே கழிமுகத்தைக் கடந்தனர். மழைக்காலத்தில் படகுகள் கவிழ்ந்து பலர் இறந்தனர். அரசு பணம் ஒதுக்கத் தயங்கிய நிலையில், பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவி ஆவாபாய் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேல் வழங்கினார். பாலத்தைக் கடப்போரிடம் சுங்கம் வசூலிக்கக் கூடாது என்பதே அவர் விதித்த நிபந்தனை. லேடி ஜம்ஷெட்ஜி சாலை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. கழிமுகத்துக்கு வெளியே, 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 5.6 கிலோமீட்டர் நீள பாந்த்ரா-வொர்லி கடல் பாலம் இப்போது அதே விரிகுடாவைக் கடக்கிறது.

காண விரும்புவோர் கவனத்திற்கு

கன்ஹேரி குகைகளுக்கு போரிவலி ரயில் நிலையத்திலிருந்து தேசியப் பூங்கா வழியாகச் செல்லலாம். பூங்காவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. விஹார் ஏரிக்கும் பாண்டுப் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் பாதுகாப்புக் காரணங்களால் பொதுமக்கள் செல்ல இயலாது. தாராவி, இயற்கைப் பூங்கா, காலா கில்லா ஆகியவற்றுக்கு சயான், மாஹிம் ரயில் நிலையங்கள் அருகிலுள்ளவை. 2025 மே மாதம் முதல் பாந்த்ரா-குர்லா வளாகத்திலிருந்து தாராவிக்குச் செல்லும் மெட்ரோ ரயில், மித்தி ஆற்றுக்கு அடியில் அமைந்த சுரங்கத்தின் வழியே ஓடுகிறது.

ஆற்றின் முன்னுள்ள கேள்விகள்

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தில் 2022ஆம் ஆண்டு அதானி குழுமம் வென்றது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பவர்களுக்கு அங்கேயே வீடு வழங்கப்படும் என்றும், மற்றவர்களுக்கு வேறு பகுதிகளில் வீடு அளிக்கப்படும் என்றும் திட்டம் கூறுகிறது. மாடியறைகளில் வாடகைக்கு வாழ்ந்து, கீழ்த்தளப் பட்டறைகளில் வேலை செய்யும் குடும்பங்கள் பல. வீடும் தொழிலும் பிரிந்துவிடுமோ என்ற அச்சம் அவர்களிடையே நிலவுகிறது.

ஆற்றைப் பொறுத்தவரை, ஆண்டுதோறும் மழைக்கு முன் தூர்வாரும் பணி நடைபெறுகிறது. அப்பணியில் முறைகேடு நடந்ததாக 2025ஆம் ஆண்டு மும்பைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவு செய்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் பெய்த கனமழையில் மித்தியின் நீர்மட்டம் அபாய அளவை எட்டியதால், குர்லாவின் கரையோரத்திலிருந்து நூற்றுக்கணக்கானோர் பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்.

விஹார் நிரம்பினால் நகரின் ஒரு பகுதிக்குக் குடிநீர் உறுதியாகிறது. அது வழிந்தோடும்போது பாதிக்கப்படுவோர் குர்லா, தாராவி போன்ற தாழ்வான பகுதிகளில் வாழ்வோரே. அந்நீர் கடலைச் சென்றடையும் வழி எவ்வளவு அகலமாக விடப்படுகிறது என்பதைப் பொறுத்தே, ஒவ்வொரு பருவமழையிலும் அவர்களின் வீடுகள் தப்புவதும் மூழ்குவதும் அமையும்.